பின்சீட்டில் ஒரு சுற்று

கோவை சத்தி ரோட்டில் பழைய பைக்குகளை வாங்கி விற்கிற ஒரு யார்டு. அங்கே ஒரு குரு இருந்தார். குரு என்றதும் தாடியையும் கமண்டலத்தையும் தேட வேண்டாம். அவர் பெயர் ரெஜினா. நாற்பது வயதுகூட ஆகவில்லை. சுடிதார், கையில் ஒரு துடைக்கிற துணி, இடுப்பில் சாவிக்கொத்து, அவ்வளவுதான்.

சீடர் கனகசபைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. பாதி ஆயுளை ஜவுளிக்கடையில் கழித்தவர். வயதில் மூத்தவரானாலும் ரெஜினாவை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவார். ரெஜினா அவரை "சபையண்ணா" என்பார்.

கனகசபை முதன்முதலில் யார்டுக்குள் வந்தது வேலை கேட்டு அல்ல, தன் பைக்கை விற்பதற்கு. அவர் மனைவியும் கூட வந்திருந்தார். பைக்கின் முன்பக்கம் லேசாக வளைந்திருந்தது. "நாய் குறுக்க வந்துருச்சுங்க" என்றார் கனகசபை. ரெஜினா தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டார். விலை பேசுவதில் இழுபறி இல்லை. ரெஜினா வண்டி பார்த்த விதத்தில் மயங்கிப்போன கனகசபை, மறுவாரமே வந்து தனக்கும் கற்றுக்கொடுக்கச் சொல்லி நின்றார். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று ரெஜினா கேட்கவில்லை. நாளைக்கு வரச் சொன்னார்.

ரெஜினாவிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வண்டியையும் அவர் தானே ஓட்டிப் பார்க்க மாட்டார். விற்க வந்தவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்வார். அதே ரோட்டில் கணபதி என்கிற பகுதி வரை போய்த் திரும்பி வருவார்கள். ஒரு பெண் கண்டவர் வண்டியில் எல்லாம் ஏறிப் போகிறாளே என்று ஊர் கொஞ்ச நாள் பேசிப் பார்த்தது. பேச ஒன்றும் கிடைக்காமல் அதுவாகவே ஓய்ந்துவிட்டது.

"ஏன் டீச்சரம்மா, நீங்களே ஓட்டிப் பார்க்கலாமில்லீங்களா?" என்று கனகசபை ஒருநாள் கேட்டார்.

"ஓட்டுறவங்களுக்கு ரோடுதாண்ணா தெரியும். பின்னாடி உக்காந்தாத்தான் வண்டி தெரியும்."

கனகசபைக்கு அது நேரத்தைக் கொல்கிற வேலையாகப் பட்டது. அவருக்கு அதெல்லாம் தேவைப்படவும் இல்லை. நல்ல கண், நல்ல கை. பெயிண்டைத் தடவியே அது கம்பெனி பெயிண்டா, பட்டறைப் பெயிண்டா என்று சொல்லிவிடுவார். எல்லாவற்றையும்விட அவர் நாக்கு நன்றாக வேலை செய்தது.

ஒருநாள் ஆனைகட்டிப் பக்கத்து ரிசார்ட் ஒன்றிலிருந்து ஏ.டி.வி. வண்டி வந்தது. நாலு தடித்த சக்கரம், டிராக்டர்போல ஒரு முறைப்பு. கொண்டுவந்த மேனேஜர் கழுத்தில் டை கட்டியிருந்தார்.

"புல்வெளியில குழந்தைகளை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவோம். வேற எங்கேயும் எடுத்ததில்லைங்க."

கனகசபை வண்டிக்கடியில் படுத்தார். அச்சுக்குப் பக்கத்திலிருந்து காய்ந்த சேற்றுக் கட்டி ஒன்றைப் பெயர்த்து எடுத்தார். அதில் கோரைப்புல் ஒட்டியிருந்தது.

"உங்க புல்வெளியில ஆறு ஓடுதுங்களா?" என்று உரக்கக் கேட்டார்.

யார்டே சிரித்தது. டீ குடித்துக்கொண்டிருந்த புரோக்கர்கள் கை தட்டினார்கள். மேனேஜர் டையைத் தளர்த்திக்கொண்டு, கனகசபை சொன்ன விலைக்குச் சம்மதித்தார்.

ரெஜினா மட்டும் சிரிக்கவில்லை. "அவர்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"நாலு பேர் முன்னாடி சொன்னாத்தானுங்களே விலை இறங்கும்?"

ரெஜினா கையிலிருந்த துணியை உதறிவிட்டு அடுத்த வண்டியைத் துடைக்கப் போனார். அன்று முழுக்கக் கனகசபையின் காதில் அந்தக் கைத்தட்டல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு புருஷனும் மனைவியும் வந்தார்கள். அவர் பெயர் சென்னியப்பன், அந்த அம்மாள் வசந்தாமணி. பைக்கைக் கொடுத்துவிட்டு ஒரு ஸ்கூட்டர் எடுக்க வேண்டும். ஸ்கூட்டர் என்றால் இரண்டு பேருமே ஓட்டலாம் என்பது வசந்தாமணியின் கணக்கு. அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். வரிசையாக நின்ற ஸ்கூட்டர்களில் நீலநிற வண்டி ஒன்றை அதற்குள் பார்த்து வைத்துவிட்டார். சென்னியப்பன்தான் பைக்கின் ஹேண்டிலை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது இன்னும் நல்லா ஓடுதே வசந்தா. யோசிச்சுச் செய்யலாமே?"

"யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? நீங்க கம்பெனிக்குப் போய்ட்டு வர்றதுக்கு ஸ்கூட்டர் போதாதாக்கும்?"

ரெஜினா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். அவர் பார்வை ஹேண்டிலில் கொஞ்சம் தங்கியது. பிறகு சென்னியப்பன் முகத்தைப் பார்த்தார். "வாங்கண்ணா, ஒரு சுத்துப் போய்ட்டு வந்துரலாம். பின்னாடி உக்காந்துக்கறேன்" என்றார்.

அதற்குள் கனகசபை குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"சுத்தெல்லாம் எதுக்குங்க டீச்சரம்மா? இங்கேயே தெரியுதே!"

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கூட்டம் அதிகம். புரோக்கர்கள் டீ கிளாஸோடு பக்கத்தில் வந்தார்கள். கனகசபைக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"மீட்டரைப் பாருங்க. கடைக்கும் வீட்டுக்கும் ஓடின வண்டியாட்டக் காட்டுது. பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்க, சுத்தமா வழுவழுன்னு இருக்குது. செயின் பல்லு ஊசியாட்டத் தேஞ்சு போச்சு. இது மீட்டர்ல இருக்கறதுக்கு அஞ்சு மடங்கு ஓடின வண்டி. சக்கரத்துகிட்ட மீட்டர் கேபிள் நட்டுல கட்டிங் பிளேயர் போட்ட தடம் இருக்குது. கேபிளைக் கழட்டிட்டு ஓட்டியிருக்காரு. பழைய டெக்னிக்குங்க, நம்மகிட்டயேவா?"

யாரோ சிரித்தார்கள். சென்னியப்பன் தலை குனிந்தது.

"என்னுங்க சொல்றாரு இவரு?" என்றார் வசந்தாமணி.

கனகசபை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கை தட்டல் இன்னும் வரவில்லையே!

"இன்னொண்ணு இருக்குதுங்க. பின்சீட்டு அமுங்கிப்போயிருக்குது. இடது பக்கம் கால் வைக்கிற ரப்பர் தேஞ்சிருக்குது. சேலை கட்டினவங்க ஒருபக்கமா உக்கார்ற பக்கம். தெனமும் ஆள் உக்காந்து போயிருக்குது. ஏனுங்கம்மா, தெனமும் ரெண்டு பேரும் ஜோடியா ஊரைச் சுத்துவீங்களாட்ட இருக்குது?"

இந்தத் தடவையும் யார்டு சிரித்தது. வசந்தாமணி சிரிக்கவில்லை.

"நான் எங்கே இதுல போறேன்? நோம்பி நாளுக்குக் கோயிலுக்குப் போறதோட சரி." சொல்லிக்கொண்டே புருஷன் பக்கம் திரும்பினார். "பின்னாடி உக்காந்தது யாருங்க?"

சென்னியப்பன் ஹேண்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"கேக்கறேனில்ல? யாரு?"

அவர் கனகசபையைப் பார்த்துத்தான் பேசினார். "கேபிளை நாந்தானுங்க கழட்டினேன். விலை நல்லாக் கிடைக்கும்னு கழட்டினேன். தப்புத்தான்."

கேட்ட கேள்வி ஒன்று, வந்த பதில் வேறொன்று. அது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது. புரோக்கர்கள் டீ கிளாஸை வைக்கப் போவதுபோல ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். வசந்தாமணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். சென்னியப்பன் பைக்கை ஸ்டார்ட் செய்யக்கூட இல்லை. தள்ளிக்கொண்டே போனார்.

யார்டு காலியானதும் கனகசபை ரெஜினாவிடம் வந்தார். அவருக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தத் தொடங்கியிருந்தது.

"நான் சொன்னதுல ஏதாச்சும் தப்பு இருக்குதுங்களா டீச்சரம்மா?"

"இல்லைண்ணா. எல்லாம் சரி."

"அப்புறம் ஏன் இப்படி இருக்கீங்க?"

"இடது பக்கம் ரப்பரைப் பாத்தீங்க. வலது பக்கம் பாத்தீங்களா?"

கனகசபை யோசித்தார். பார்க்கவில்லை.

"அதுவும் அதே அளவு தேஞ்சிருந்துச்சு. ஒரே ஆளு ஒருபக்கமா உக்காந்தா ரெண்டு பக்கமும் தேயாது. ஹேண்டில்ல நடுவுல கருப்பா ஒரு வட்டம் இருந்துச்சே, அது என்ன?"

"போன் மாட்டுற கிளாம்ப்பு இருந்த தடம்."

"சீட்டுக்கு இடது பக்கம் கொக்கியில பெயிண்ட் உரிஞ்சிருந்துச்சே?"

"ஹெல்மெட் தொங்கவிட்ட தடம். ஆனா ஓட்டறவரு ஹெல்மெட்டு தலையில இருக்குமே, அப்போ கொக்கியில..." கனகசபை பாதியில் நிறுத்தினார்.

போன் ஹேண்டிலில். இரண்டாவது ஹெல்மெட் கொக்கியில். ஆணும் பெண்ணுமாகத் தினமும் யார் யாரோ பின்சீட்டில். அது பைக் டாக்ஸி. கம்பெனிக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்புகிற மனிதர், நாள் முழுக்க அடுத்தவர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

கனகசபைக்கு முகம் எரிந்தது. அந்த இடத்திலேயே நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. ஒரு மனிதரைத் திருடன் என்றார். அது போதாதென்று கட்டிய மனைவி முன்னால் பெண்பித்தன் ஆக்கினார். அதுவும் எதற்காக? நாலு புரோக்கர்கள் கை தட்ட வேண்டும் என்பதற்காக.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே டீச்சரம்மா?"

"சுத்துப் போய்ட்டு வரலாம்னுதான சொன்னேன்?"

மறுநாள் சாயங்காலம் கனகசபை, பைக் டாக்ஸிக்காரர்கள் நிற்கிற காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். வண்டி நம்பர் அவருக்கு மறக்காது. பழக்கடை ஓரமாக அந்த பைக் நின்றது. ஹேண்டிலில் கிளாம்ப், கொக்கியில் ஹெல்மெட். சென்னியப்பன் இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கோணும்னு வந்தனுங்க."

"எங்கே போகோணும்?"

"இல்லீங்க, நான்..."

"சவாரின்னா ஏறுங்க. பேசறதுக்கு எனக்கு நேரமில்லீங்க."

கனகசபை ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு ஏறினார். தான் நேற்று குந்தி உட்கார்ந்து விரலால் தடவிக் காட்டிய அதே ரப்பரில்தான் கால் வைக்க வேண்டியிருந்தது. கால் கூசியது. யார்டுக்கே போகச் சொன்னார்.

பாலம் தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு சென்னியப்பன் ரோட்டைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"பம்ப் கம்பெனிங்க. தீபாவளிக்கு முன்னாடி மூடிட்டாங்க. அன்னைக்கு வீட்டுல முறுக்குச் சுட்டுட்டு இருந்தா. அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். நாளாக நாளாக வாயே வரலீங்க. காலையில அவ டிபன் பாக்ஸ் கட்டிக் குடுப்பா. அதைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னுக்குவேன்."

"கேபிள்?"

"பையன் ஒருநா மீட்டரைப் பாத்துட்டு, ஏப்பா, உன் கம்பெனி மைசூருக்கு மாறிப்போச்சான்னு சிரிச்சான். அன்னைக்குக் கழட்டினதுங்க."

கனகசபை சற்று முன்னால் சாய்ந்தார். "வீட்டுல இப்போ...?"

"சோத்தைப் போட்டு வெச்சுட்டு உள்ளே போயிர்றா. அவ யாரு, அவ யாருன்னு ஒரே கேள்வி. பதில் சொன்னா வேலை போனதைச் சொல்லோணும். சொல்லலீன்னா..." அவர் முடிக்கவில்லை.

"நான் வந்து சொல்றனுங்க. அம்மாகிட்ட நானே வந்து எல்லாத்தையும் விளக்கமாச் சொல்லிடறேன்."

"வேண்டாங்க. நீங்க சொன்ன வரைக்கும் போதும்."

யார்டு வாசலில் இறங்கும்போது கனகசபை அவர் முகத்தைப் பார்த்தார். வழியெல்லாம் அத்தனையும் பேசியவர், எதிரே நின்றதும் ஒரு வார்த்தை பேசவில்லை. கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து வசந்தாமணி யார்டுக்குத் தனியாக வந்தார். கண் வீங்கியிருந்தது. நேராகக் கனகசபையிடம்தான் வந்தார். அன்றைக்கு இருந்த புரோக்கர்கள் சிலர் அப்போதும் இருந்தார்கள்.

"ரப்பரைப் பாத்தே அவ்வளவு சொன்னீங்களே, அவ யாருன்னும் சொல்லிருங்க. பேரு ஊரெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

கனகசபை ரெஜினாவைத் திரும்பிப் பார்த்தார். ரெஜினா ஒரு டேங்க் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

சொல்லிவிட்டால் இந்த அம்மாளின் நெஞ்சில் இருக்கிற பாரம் இறங்கிவிடும். ஆனால் சொல்ல வேண்டாம் என்று அந்த மனிதர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சொல்லாவிட்டால் இவர் இதே கண்ணோடு வீட்டுக்குத் திரும்பிப் போவார்.

"அம்மா, அன்னைக்கு நான் பேசினது முட்டாத்தனமுங்க" என்றார். குரலைத் தாழ்த்தவில்லை. அன்று எவ்வளவு உரக்கச் சொன்னாரோ அவ்வளவு உரக்கச் சொன்னார். "பாதியை மட்டும் பாத்துட்டு, கூட்டம் சிரிக்கோணும்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். எனக்கு வண்டி பாக்கத் தெரியலீங்க."

புரோக்கர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் வாய்விட்டே சிரித்தார். கனகசபை அதையும் வாங்கிக்கொண்டார்.

"அப்போ பின்னாடி யாருமே உக்காரலியா?"

"அதை அவருதானுங்க சொல்லோணும்."

"அவருதான் வாயே திறக்கமாட்டேங்கறாரே! மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டாலும் சுவத்தைப் பாத்துட்டு நிக்கறாரு."

"மூஞ்சிக்கு நேரா கேக்காதீங்க. அந்த வண்டியிலயே எங்கயாச்சும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. நீங்க பின்னாடி உக்காந்துக்குங்க. ஊரைத் தாண்டுற வரைக்கும் ஒண்ணும் கேக்காதீங்க. அவரு முகத்தை நீங்க பாக்க முடியாது, உங்க முகத்தை அவரும் பாக்க வேண்டியதில்லை. அப்போ சொல்லுவாருங்க."

வசந்தாமணி அவரைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தார். "நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் இந்த நிலைமை" என்றார். பிறகு போய்விட்டார்.

அந்த வாரம் கனகசபை யாரிடமும் அதிகம் பேசவில்லை. வண்டி விற்க வந்தவர்களை ஓட்டச் சொல்லி, தானும் பின்னால் உட்கார்ந்து கணபதி வரை போய் வந்தார். புரோக்கர்கள் கிண்டல் செய்தார்கள். அவர் அடுத்த வண்டியின் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த பைக் யார்டைத் தாண்டிப் போனது. வசந்தாமணி பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார், கொக்கியில் தொங்கிய ஹெல்மெட் அவர் தலையில் இருந்தது. மறைப்பதற்காக இப்போது யாரும் கிளாம்ப்பைக் கழற்றியிருக்கவில்லை. யார்டுப் பக்கம் அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

கனகசபை ரெஜினாவின் பக்கத்தில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"சொல்லிட்டாராட்ட இருக்குது டீச்சரம்மா."

"ம்."

"ஆனாலும் எனக்கு ஆறவே இல்லீங்க. வீட்டுக்காரம்மா பக்கத்துல நிக்கும்போது, அத்தனை பேர் முன்னாடி... அவரு இடத்துல நான் நின்னிருந்தா அங்கேயே உசிரை விட்டிருப்பேன்."

ரெஜினா துணியை மடித்தார்.

"அந்த இடத்துல நீங்க நின்னிருக்கீங்கண்ணா."

"நானா? எப்போ?"

"முதல் நாள். உங்க வண்டியை விக்க வந்தப்போ. உங்க வீட்டுக்காரம்மாவும் பக்கத்துல நின்னாங்க. நாய் குறுக்க வந்துச்சுன்னு சொன்னீங்க."

கனகசபையின் கை தானாகப் பக்கத்தில் நின்ற வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டது.

"எஞ்சினைத் துடைச்சுட்டிருந்தேன். லெக் கார்டுக்குப் பின்னாடி ஒரு வளையல் துண்டு சிக்கியிருந்துச்சு. பச்சைக் கண்ணாடி வளையல்."

ரோட்டில் ஒரு லாரி போனது. அதன் சத்தம் தேய்ந்து மறைகிறவரை கனகசபை அசையவில்லை. அந்தச் சாயங்காலம், அந்த வளைவு, சைக்கிளோடு சாய்ந்த அந்தப் பெண், நிற்காமல் முறுக்கிய தன் கை. இத்தனை நாளும் வீட்டிலும் வெளியிலும் நாய் என்றே சொல்லிச் சொல்லித் தானே நம்பத் தொடங்கியிருந்தார். ரெஜினாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"அவ... அந்தப் புள்ள என்ன ஆனாள்னு கூட நான்..."



ரெஜினா கம்பியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் போட்டு வாரை இறுக்கினார்.

"வண்டியை எடுங்கண்ணா. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."